புகை கொடுக்காத ஃபயர்மேன்

சீனத்தின் வடக்கே, ஷிமென்கோ ரயில்வே குடியிருப்பில் உலவும் வதந்திகளில் பாதி கோஸ் விலையைப் பற்றியவை, மீதி அடுத்த வரிசை வீட்டு மருமகளைப் பற்றியவை. இரண்டிலும் சேராத வதந்தி ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் வரிசைக் கடைசி வீட்டில் லுவான் கிழவரின் அடுப்பில் எரிகிறதே, அது சாதாரண நெருப்பில்லையாம். கடைசி நீராவி இன்ஜினின் நெருப்பாம். இன்ஜின்களை எல்லாம் நிறுத்திய அன்று, இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் லுவான் ஒரு வாளித் தணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டாராம். அன்றிலிருந்து இன்றுவரை அது அணையவே இல்லையாம். இத்தனைக்கும் நடுவில் பதினைந்து பதினாறு குளிர்காலம் போய்விட்டது.

நம்ப ஆசையாக இருப்பதையெல்லாம் கொஞ்சம் தட்டிப் பார்த்துவிட்டு நம்புவது வயிற்றுக்கு நல்லது. ஆகவே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம்.

வாளி உண்மை. முதல் வரிசை மூ அண்ணி தன் கண்ணால் பார்த்தது. அன்று சாயங்காலம் லுவான் தண்டவாளத்தோரமாக நடந்து வந்துகொண்டிருந்தார். கையில் தகர வாளி, வாளிக்குள் சிவப்பு.

"அது என்ன லுவானு?" என்று அண்ணி கேட்டாள்.

"நெருப்பு."

"எங்கேருந்து?"

"இன்ஜின்லேருந்து."

அவ்வளவுதான் பேச்சு. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. லுவான் சொல்லாமல் விட்டது, எதற்காகக் கொண்டுபோகிறார் என்பதை. அண்ணியும் கேட்கவில்லை. அவர் மனைவி ஃபெங்சின் காலையிலேயே ஒப்பனை போட்டுக்கொண்டு பெண்கள் மேளக்குழுவோடு இன்ஜின் வழியனுப்பு விழாவுக்கு ஆடப் போய்விட்டாள். போகும்போது அடுப்பை மறந்துவிட்டாள். பனியில் மூச்சு உறையும் ஊரில் அணைந்த அடுப்புள்ள வீட்டுக்குத் திரும்புவதென்றால் என்னவென்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். இன்ஜின் வயிற்றிலிருந்து நெருப்பைச் சாம்பல் குழியில் கொட்டியதே லுவான்தான். அது ஃபயர்மேன் வேலை. கொட்டிய நெருப்பு வீணாகப் போகிறதே என்று ஒரு வாளி அள்ளிக்கொண்டார். வீட்டில் தீக்குச்சி மிச்சம். வரலாற்றை ஒரு வாளியில் கொண்டுபோகிறோம் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

அடுத்ததாக, அந்த நெருப்பு அணையவில்லை என்பது. அணைந்தது. அடுத்த வசந்தத்திலேயே, ஃபெங்சின் புகைக்குழாயைச் சுத்தம் செய்தபோது, கேட்பாரில்லாமல் அணைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் பழைய செய்தித்தாளைச் சுருட்டி, சோளத்தட்டையை ஒடித்துப் போட்டு, தீக்குச்சி கிழித்துத்தான் பற்றவைத்தார்கள். கோடையில் எல்லாரையும் போல கேஸ் சிலிண்டர்.

அப்படியானால் வதந்தி எப்படி இத்தனை வருஷம் உயிரோடு இருந்தது? அதற்கு லுவானின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ரயில் பாதையில் வேலை செய்தவர்கள் ஊர் உலகமெல்லாம் பார்த்திருப்பார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. லுவான் பார்த்தது இன்ஜின் அடுப்பின் இரும்புக் கதவை. மிதியை மிதித்தால் கதவு இரண்டாகப் பிளக்கும். உள்ளே கண் கூசும் வெள்ளை. ஒரு ஷவல் கரியை இடது மூலைக்கு வீசி, காலை எடுத்தால் கதவு மூடிக்கொள்ளும். திரும்பிக் கரி அள்ள வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும், அடுத்தது வலது மூலை. ஷிமென்கோவுக்கு வடக்கே பாதை மலையைச் சுற்றிச்சுற்றி ஏறும். உயரமான பாலத்தின் மேல் ரயில் குதிரை லாடம்போல வளைந்து, தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு போகும். அந்த இடத்தைப் படமெடுக்கத்தான் உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ மூக்கு சிவந்த மனிதர்கள் வந்து பனியில் நிற்பார்கள். ஏற்றம் மிகக் கடுமையாக இருந்ததும் அதே இடத்தில்தான். ஆகையால் அந்தப் பாலத்தை எண்ணற்ற தடவை கடந்த லுவான் ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை. முகம் நெருப்புக்கு, முதுகு உலகத்துக்கு.

வேலையை விட்ட பிறகு ஒரு நாள் ஃபெங்சின் அவரைப் பஸ்ஸில் ஏற்றி அந்தப் பாலத்தைக் காட்டக் கூட்டிப்போனாள்.

"இதுவா?" என்றார்.

"இதேதான். எல்லாரும் எப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாங்க பாரு."

லுவான் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். "தோள் வலிக்குது. வா, வீட்டுக்குப் போலாம்."

நெருப்பை அவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்திருந்த மனிதருக்கு வீட்டு நெருப்பு மட்டும் வசப்படவே இல்லை. கல்யாணமான அன்று புதுப்பெண்ணுக்குக் குளிரக் கூடாதே என்று செங்கல் கட்டிலுக்கு அடியில் தானே கரி போட்டார். கட்டிலுக்கடியில் புகை ஓடும் கால்வாய்க்கு எவ்வளவு கரி போதும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். லுவான் போட்டது மலை ஏறும் கணக்கு. மாமியார் வீட்டார் தைத்துக் கொடுத்த சிவப்புப் பட்டு மெத்தை அடிப்பக்கம் கருகி, பெண்ணும் மாப்பிள்ளையும் முற்றத்துப் பனியில் நின்றார்கள். "உன்ன நம்பி வந்தேன். சுட்டுச் சாப்பிடப் பாத்த" என்று ஃபெங்சின் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் இருந்தவரை வதந்தி வளரவில்லை. யாராவது "இன்ஜின் நெருப்பு" என்று ஆரம்பித்தால், "ஆமா, தீப்பெட்டி இன்ஜின்!" என்று அங்கேயே நறுக்கிவிடுவாள். அவள் போன பிறகுதான் அது கைகால் முளைத்து நடக்க ஆரம்பித்தது.

அவள் போன வருஷம், குளிர்காலம் புகும் நாள் அன்று, மூ அண்ணி ஓர் இரும்புத் தட்டோடு வந்து நின்றாள். மறு கையில் ஒரு கிண்ணம் கொழுக்கட்டை.

"என் அடுப்பு வெறும் புகையா விடுது. உன் இன்ஜின் நெருப்பு ஒரு துண்டு குடு, லுவானு. அதுக்காவது மரியாதை குடுக்குதான்னு பாக்கறேன்."

லுவான் மறுத்திருக்கலாம். ஆனால் அவரோடு யாரும் பேசி நாள் கணக்காகியிருந்தது. கொழுக்கட்டை வேறு சூடாக இருந்தது. இடுக்கியால் ஒரு கங்கை எடுத்துத் தட்டில் வைத்தார். அண்ணி உள்ளே வந்து உட்கார்ந்து, மருமகளைப் பற்றி விஸ்தாரமாகக் குறைசொல்லிவிட்டு, கங்கு அணைந்து போனதால் இன்னொன்று வாங்கிக்கொண்டு போனாள்.

மறு வருஷம் ஐந்தாறு பேர். பிறகு மூன்று வரிசையும் வந்தது. ரயில்வே வீடுகளில் முதல் அடுப்பை லுவான் வீட்டுக் கங்கில் பற்றவைப்பது என்பது தொன்றுதொட்ட வழக்கம்போல ஆகிவிட்டது. நம் ஊரில் எதையும் மூன்று வருஷம் செய்தால் தொன்றுதொட்டது. வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். உறைந்த பேரிக்காய், புளித்த கோஸ், சோளச் சாராயம். உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துத் தரையெல்லாம் தோலாக்கிவிட்டுப் போவார்கள். அந்தத் தோலை லுவான் மறுநாள் பெருக்கமாட்டார். அதற்கடுத்த நாளும் பெருக்கமாட்டார்.

ஒவ்வொரு வருஷமும் அந்த நாளின் அதிகாலையில் கதவைத் தாழிட்டு, செய்தித்தாளும் சோளத்தட்டையும் வைத்து அவசர அவசரமாக நெருப்பு மூட்டி, பழைய நெருப்பு மாதிரி தெரிய மேலே கொஞ்சம் சாம்பல் தூவி வைப்பார் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

வேறு யாருக்கும் என்றா சொன்னோம்? ஒருவருக்குத் தெரியும்.

டிரைவர் கோங். எதிர் வரிசையில் இருக்கிறார். அவர் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே தெரிவது லுவான் வீட்டுப் புகைக்குழாய். ஃபயர்மேன் நெருப்பைப் பார்ப்பான், டிரைவர் பாதையைப் பார்ப்பான். பாதையைப் பார்க்கும்போது இடையில் எப்போதும் தெரிவது புகைபோக்கி. அதன் புகையின் நிறத்தை வைத்தே உள்ளே ஃபயர்மேன் என்ன செய்கிறான் என்று டிரைவர் சொல்லிவிடுவார். கறுத்துத் திரண்டு வந்தால் கரியைக் குவித்துக் கொட்டுகிறான், சோம்பேறி. வெளுத்து மெலிந்து வந்தால் கைகாரன். அந்தப் பழக்கம் விடாமல் கோங் இத்தனை வருஷமும் எதிர்வீட்டுப் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆனால் லுவானிடம் பேசுவதில்லை. கடைசி ஓட்டத்தன்றிலிருந்து பேசுவதில்லை.

அதுவும் புகையால் வந்த வினைதான். கடைசி ஓட்டத்துக்குப் படமெடுக்கிறவர்கள் திருவிழாக் கூட்டமாக வந்திருந்தார்கள். புகையில்லாமல் வரும் இன்ஜினைப் படமெடுப்பதும் வழுக்கைத் தலைக்கு வகிடெடுப்பதும் அவர்களுக்கு ஒன்று. கோங்கிடம் ஒரு பெட்டி வெளிநாட்டு சிகரெட்டைக் கொடுத்து, பாலத்தின் மேல் கரும்புகை வேண்டும் என்று கையால் ஆகாயத்தில் வரைந்து காட்டினார்கள். கோங் மார்பில் தட்டிச் சத்தியம் செய்தார்.

பாலம் வந்தது. "லுவானு, இப்ப குடு! நல்லாக் கறுப்பா!" என்று கத்தினார்.

"முடியாதுண்ணே."

"நாலு ஷவல் குவிச்சுக் கொட்டுடா. அடுத்த ஸ்டேஷன்ல உனக்குப் பாதிப் பெட்டி சிகரெட்டு."

"என் கையால அழுக்குப் புகை போகாது. கடைசி நாளு அதுவுமா அசிங்கப்படுத்தாதீங்க."

"யாருக்குடா அசிங்கம்? வாக்கு குடுத்திருக்கேன்டா!"

லுவான் அன்று வாழ்நாளில் இல்லாத சுத்தமாகக் கரி வீசினார். இன்ஜின் பாலத்தின் மேல் மெல்லிய வெள்ளை இழை ஒன்றை விட்டுக்கொண்டு, கழுவித் துடைத்ததுபோல வந்தது. கீழே பனியில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கேமராவைத் தாழ்த்தினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். லுவான் இதையெல்லாம் பார்க்கவில்லை. கோங் பார்த்தார். சிகரெட் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒன்று குறைந்திருந்ததாம். அந்த அவமானத்தோடு அவர் வாய் மூடியது.

இப்படியே போயிருக்கும். பழைய இன்ஜின் ஷெட்டை ஓட்டலாக மாற்றாமல் இருந்திருந்தால்.

மானேஜராக வந்தவள் பாங் என்ற சுறுசுறுப்பான பெண்மணி. இரண்டு கைப்பேசி, ஒரு யோசனை முடிவதற்குள் இன்னொன்று. கடைசி இன்ஜின் நெருப்பு ஊரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் லுவான் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"பெரியவரே, வரவேற்பறையில நடு மையத்துல கண்ணாடி விளக்கு. அதுல உங்க நெருப்பு. பக்கத்துல நாற்காலி போட்டு யூனிஃபார்ம்ல நீங்க. தினமும் வாங்க. வர்றவங்ககிட்ட நாலு வார்த்த பேசுங்க. சாப்பாடு எங்க சமையலறையில."

லுவானுக்குக் காதில் விழுந்தது ஒரே சொல்: தினமும். வருஷத்தில் ஒரு நாள் திறக்கிற கதவு இனித் தினமும். ஆட்கள், டீ, யாராவது ஏதாவது கேட்பார்கள்.

"சரி" என்றார்.

"ஒரே ஒரு விஷயம். நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா நமக்கு ஒரு சாட்சி வேணும். அன்னிக்கு உங்ககூட இன்ஜின்ல இருந்த டிரைவர் இருக்காராமே, அவர வந்து நாலு பேர் முன்னாடி சொல்லச் சொல்லுவோம்."

அந்த வாரம் முழுக்க லுவான் கோங்கின் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோங் வாயைத் திறந்தால் நாற்காலி போச்சு. கொழுக்கட்டையும் போச்சு. இடையில் ஒருநாள் எதிர் வரிசைவரை போய்க் கதவைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு திரும்பினார்.

அந்த நாள் வந்தது. ஓட்டல் சுவரெல்லாம் பெரிய பெரிய படங்கள். பாலத்தின் மேல் இன்ஜின், அதற்கு மேல் மலையளவு கரும்புகை.

"பாருங்க பெரியவரே, எல்லாம் உங்க புகை!" என்றாள் பாங்.

"என்னுது இல்ல. பாதிக் கரி எரியாமலே ஆகாயத்துக்குப் போயிருக்கு. எவனோ தூங்கிக்கிட்டு அள்ளியிருக்கான்."

பாங் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று வரிசை ஜனமும் வந்திருந்தது. கோங் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தார். லுவானைப் பார்க்கவில்லை. பாங் அவரிடம் குரலை உயர்த்திக் கேட்டாள்:

"கோங் ஐயா, நீங்க எதிர்வீடு. சொல்லுங்க, அந்த நெருப்பு அன்னிக்கு இன்ஜின்லேருந்து வந்ததுதானா? நடுவுல அணைஞ்சதே இல்லையே?"

கோங் எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்ஜின்லேருந்துதான் வந்துச்சு. என் கண்ணு முன்னாடி அள்ளினான். தெனம் அவன் வீட்டுப் புகைக்குழாயப் பாக்குறவன் நான். அணைஞ்சதே இல்ல. போதுமா?"

ஜனங்கள் கைதட்டினார்கள். இத்தனை வருஷம் பேசாத மனிதன் ஊர் முன்னால் தனக்காகப் பொய் சொல்கிறான். நாற்காலி அங்கேயே இருந்தது, மேலே சிவப்பு மெத்தை. போய் உட்கார்ந்தால் முடிந்தது.

பாங் அவர் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, உங்க வாயாலயும் ஒரு தடவ?"

யாரும் கேட்காதவரை லுவானால் சும்மா இருக்க முடிந்தது. கேட்டுவிட்டால் முடியாது. அது அவர் உடம்பில் இருந்த கோளாறு.

"அணைஞ்சுது" என்றார். "மறு வருஷமே அணைஞ்சுது. நானேதான் பேப்பர் வெச்சுப் பத்த வைக்கிறேன்."

முதலில் மூ அண்ணிதான் பேசினாள். "அப்ப இத்தன வருஷமா நான் தட்டுல கொண்டுபோனது என்ன?"

"நெருப்புதான் அண்ணி."

"பேப்பர் நெருப்பா? அதுக்கா நான் ஒவ்வொரு வருஷமும் கறிக் கொழுக்கட்ட செஞ்சேன்? சொல்லியிருந்தா கோஸ் கொழுக்கட்டையே செஞ்சிருப்பேனே!"

சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்கவில்லை. கோங் முகம் அவித்த நண்டு போலச் சிவந்திருந்தது. நேராக வந்து லுவான் முன் நின்றார்.

"ரெண்டாவது தடவடா! ஊரு முன்னாடி என்னைப் பொய்யனாக்கினது இது ரெண்டாவது தடவ! அன்னிக்கு ஒரு புகை கேட்டேன், குடுக்கல. இன்னிக்கு நானா ஒண்ணு குடுத்தேன், அதையும் வாங்கிக்க மாட்டேங்குற. நீயெல்லாம் எதுக்குடா மனுஷங்ககூட இருக்க?"

"அண்ணே, நான்..."

"பேசாத! போன குளிர்காலத்துல வயித்த அறுத்துக்கிட்டு ஆஸ்பத்திரியில கெடந்தியே, திரும்பி வந்தப்ப அடுப்பு சூடா இருந்துச்சே, யாருன்னு நெனச்ச?"

லுவான் மூ அண்ணியைப் பார்த்தார். அண்ணி தலையை ஆட்டினாள். "நான் உன் வீட்டுப் பக்கமே வரலையே."

"நான்டா!" என்றார் கோங். "தண்ணிக் குழாய் ஒறஞ்சு வெடிச்சா கெழவன் வந்து எங்க படுப்பான்னு தெனமும் காலையில வந்து நான் போட்டேன். உன் கரிய இல்ல, என் கரிய. வண்டியோட வாங்குன நல்ல கட்டிக் கரி. மொத்தமும் போச்சு. எனக்கா ஃபயர்மேன் வேல தெரியும்? கையெல்லாம் கொப்புளம்!"

லுவானுக்கு அன்று வீட்டுக்கு வந்து அடுப்பைத் திறந்து பார்த்தது நினைவுக்கு வந்தது. கரி நடுவில் குவிந்து, ஓரமெல்லாம் எரியாமல், பார்க்கச் சகிக்காமல் இருந்தது. 'எவன் இப்படி மோசமாப் போட்டது' என்று மனதுக்குள் திட்டியிருந்தார்.

கோங் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு நடந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பாங் விளக்கைச் சிகரெட் லைட்டரால் பற்றவைத்தாள். கீழே பித்தளைப் பலகையில் 'கடைசி இன்ஜினின் அணையா நெருப்பு' என்று எழுதியிருக்கிறது. பலகை முன்பே அடித்தாகிவிட்டது, என்ன செய்ய. நாற்காலியில் இப்போது நடன ஆசிரியர் ஒருவர் ஃபயர்மேன் வேஷத்தில் உட்கார்ந்து நன்றாகவே பேசுகிறார்.

கோங்கை அவர் மகள் பெய்ஹாய்க்குக் கூட்டிப்போய்விட்டாள். தெற்கே, கடலோரம். குளிர் என்றால் அங்கே மழை என்று அர்த்தம். அவர் கிளம்பின காலையில் லுவான் வாசலுக்கு வந்து நின்றார். கோங் காரில் ஏறுமுன் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார், லுவானை அல்ல, புகைக்குழாயை.

கரி விற்கும் சாய் அடுத்த வாரம் வந்தபோது லுவான் ஒரு வண்டி கட்டிக் கரி வாங்கினார். கையளவு கட்டிகளாகத் தானே பொறுக்கினார், தூளை எல்லாம் தள்ளிவிட்டார்.

"உங்க அடுப்புக்கு இவ்வளவா? மறுபடி இன்ஜின் ஓட்டப் போறீங்களா?" என்றான் சாய்.

"என்னுது இல்ல. கோங் அண்ணனோடது."

"அவருதான் போயிட்டாரே!"

முற்றத்துச் சுவரோரம் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, நான்கு மூலையிலும் செங்கல் வைத்தார். பிறகு மூ அண்ணியின் பேரன் எழுதிக் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தார். நெடுநேரம் அடித்தது.

"யாரு?"

"நான்தான் அண்ணே. உங்க கரி வந்திருக்கு. எங்க அனுப்ப?"

மறுமுனையில் மின்விசிறி சுற்றும் சத்தம். "இங்க அடுப்பே இல்லடா. வேர்த்துக் கொட்டுது. நீயே எரி."

"அடுத்தவங்க கரிய நான் எரிக்க மாட்டேன்."

"தெரியும். உன் புத்தி தெரியாதா எனக்கு. அப்ப வெச்சிரு. எனக்குக் குளிரும்போது வந்து எடுத்துக்கறேன்."

"எப்பண்ணே?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

குளிர்காலம் புகும் நாள் வந்து போனது. லுவான் அன்று அதிகாலையில் எழுந்து தாழிடாமல், ஒளிக்காமல், பேப்பர் வைத்துப் பற்றவைத்தார். சாம்பல் தூவவில்லை. டீக்குத் தண்ணீர் கொதித்து, ஆறி, மறுபடி கொதித்தது. மூ அண்ணி வேலிக்கு அந்தப் பக்கம் போனவள் நின்று, "என் அடுப்பு இந்த வருஷம் நல்லா எரியுது" என்று சொல்லிவிட்டுப் போனாள். தரையில் தோல் விழவில்லை.

தை பிறக்கும் சமயத்தில் பெரும்பனி விழுந்தது. லுவானின் சொந்தக் கரி தீர்ந்து, அவர் சாயிடம் கூடை கூடையாகத் தூள் கரி வாங்கி மண்ணோடு பிசைந்து எரித்துக்கொண்டிருக்கிறார். சுவரோரத்துக் குவியல் அப்படியே இருக்கிறது. பனி விழுந்த காலைகளில் முதலில் தார்ப்பாயின் மேல் துடைப்பம் படுகிறது. பிறகுதான் தன் வாசலுக்கு வருகிறார்.